சொல்லுக்கும் பொருள் வேண்டும்



சொல்லில் ஐயம் எழுந்தால் நாம் நாடும் தமிழ்ப் பேரகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அப்பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-இல் வருமானவரித் துறை முடக்கியது. அரசு நல்கை செலவில் பாதிக்கும் கீழே இறங்கியதால் வரிவிலக்கு இல்லை என்பது அத்துறையின் வாதம். ஒருவர் கொடையைக் குறைத்தார். மற்றொருவர் அக்குறைவையே குற்றமாக்கினார்!

கட்டணத்தை உயர்த்தி ஈடுகட்டலாம் என்பர். வேலை தரும் படிப்புக்குக் கட்டணம் கிடைக்கும். சுவடிக்கும் சொல்லாய்வுக்கும் யார் செலுத்துவார்?

நம் கவிதைக்குச் சொல்லளித்த நிறுவனம் பொருளின்றி வாடலாகாது. இப்பத்தாம் ஆண்டு நிறைவில், நல்கையை உயர்த்தக் கோரி நம் வட்டம் அரசுக்கு விண்ணப்பம் எழுதட்டும். முதற் கையொப்பம் என்னுடையதாகுக.