லயத்துக் கடிதம் சபைக்குப் போகட்டும்
(தெல்தெனியவில் தோட்டக் கமிட்டி அங்கத்தவர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



லயத்துப் பாதை உடைந்தால் துரையிடம் போகிறோம். கம்பெனியிடம் காசில்லை என்பார். எந்தப் பிரதேச சபைக்குப் போனாலும், "அது தோட்டக் காணி, சட்டம் இடம் தராது" என்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டி முப்பது வருடம் இதே பதில். வாக்குக் கேட்டு லயத்துக்கு வர மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி, தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். பழைய பதிலை இனி ஏற்காதீர்கள்.

2025 மே 6இல் மெததும்பர பிரதேச சபைக்கு வாக்களித்தோம். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் வருட முடிவில் சபைக்கு வரும். அதற்கு முன்பே கமிட்டி கூடி ஒரே ஒரு வேலையைத் தீர்மானிக்கட்டும். பாதையா, தண்ணீரா? பத்தைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. பெண்களிடம் கேளுங்கள், கொழுந்துக் கூடையோடு அந்தப் பாதையில் நடப்பவர்கள் அவர்கள்தான்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது நம் உரிமை. பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கூட்ட அறிக்கையைக் கேளுங்கள். சபை கூடும் நாளில் நாலு பேர் போய் உட்காருங்கள். அரைப் பேர் போகும்தான். மாறி மாறிப் போகலாம். முதல் தடவை யார் போவது என்று இங்கேயே பெயர் கொடுங்கள்.