சங்கிலி தளர்ந்த எஞ்சின்



சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைவர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இராமாநுசர் பிறந்த தலமென்று முன்னர் அறியப்பட்ட இவ்வட்டாரம் இப்போது கார்களின் பிறப்பிடமாகவும் விளங்குகிறது. ஹுண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. ரெனோ–நிஸான் ஆலை ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. புதிய வண்டி உருவாகும் விதத்தைக் காண உங்களிற் சிலர் ஆசிரியர்களுடன் அங்குச் சென்றிருப்பீர்கள். ஆனால் வண்டிக்கு வயதான பின் அதன் உள்ளே என்ன நேர்கிறது என்பதைக் காண ஆலைக்குப் போய்ப் பயனில்லை; அதே சாலையோரத்துப் பட்டறைக்குப் போகவேண்டும். பழைய எஞ்சினில் டைமிங் செயின் தளர்ந்து கடகடவென்று ஒலிப்பதையும், அதைச் சீர்செய்யும் முறையையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இச்சங்கிலியின் பணி யாது? நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன்கள் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் உரிய நொடியில் திறந்து மூடவேண்டும். அவற்றைத் திறப்பது கேம் தண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுற்றுங்கால் கேம் தண்டு ஒருமுறை சுற்றவேண்டும்; இவ்விரண்டையும் பிணைத்து நிற்பதே டைமிங் செயின். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு நொடிக்கு 50 முறையும், கேம் தண்டு 25 முறையும் சுழல்கின்றன. அதாவது, நீங்கள் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் ஒவ்வொரு வால்வும் பலமுறை திறந்து மூடிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பார் 1880ஆம் ஆண்டு உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழித்தோன்றலே இது. உங்கள் மிதிவண்டிச் சங்கிலிக்கும் அவரே முன்னோர். வண்டலூரில் முன்னாளில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் இத்தகைய சங்கிலி இருந்தது. ஆனால் அவ்வகை எஞ்சினில் கேம் தண்டு கீழே, கிராங்க் தண்டுக்கு அருகிலேயே கிடந்தமையால் சங்கிலி குட்டையானது. பின்னர் கேம் தண்டு எஞ்சினின் தலைக்கு ஏறிற்று, இணைப்பும் நீண்டது. 1998இல் வந்த சான்ட்ரோவில் பல்வைத்த ரப்பர் பெல்ட் அவ்வேலையைச் செய்தது; குறித்த தூரம் ஓடியதும் அதை மாற்றியே தீரவேண்டும். 2008ஆம் ஆண்டு ஐ10 வண்டிக்கு வந்த கப்பா எஞ்சினில் எஃகுச் சங்கிலி இடம்பெற்றது. சங்கிலியை மாற்றவே வேண்டாம் என்று ஒரு பேச்சு மக்களிடையே அப்படித்தான் பரவிற்று. அப்பேச்சில் பாதிதான் உண்மை.

காஞ்சிபுரம் வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கற்சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லிற் குடைந்த அந்த வளையங்கள் தேயாமல் நிற்கின்றன. அவை வேலை செய்வதில்லையன்றோ! எஞ்சின் சங்கிலியோ ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. அது “நீண்டுவிட்டது” என்று மெக்கானிக்குகள் சொல்வர். உண்மையில் எஃகுத் தகடு ரப்பர்போல் இழுபடுவதில்லை. கண்ணிகளின் மூட்டுகளில் உள்ள ஊசிகளும் புஷ்களுமே தேய்கின்றன. ஒரு கணக்குப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் நீளமுள்ள 120 கண்ணிகள் கொண்ட சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 960 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு தேய்ந்தால் போதும், சங்கிலி 2.4 மில்லிமீட்டர் கூடிவிடும். கேம் சக்கரத்திற்கு 36 பற்கள் என்றால், சங்கிலி ஒரு பல் தாண்டினால் கேம் 10 பாகை தவறும். கிராங்க் கணக்கில் அது 20 பாகை. பல எஞ்சின்களில் வால்வு இறங்கும் இடத்திற்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. இரண்டும் முறை வைத்துக்கொண்டுதான் அவ்விடத்தைப் பகிர்கின்றன. முறை தவறினால் மோதல். வால்வு வளையும், பிஸ்டனும் சேதமாகும்.

இத்தளர்ச்சியை ஈடுசெய்யவே டென்ஷனர் என்னும் கருவி உள்ளது. எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் அதன் தண்டு வெளியே தள்ளி, பிளாஸ்டிக் முகம் கொண்ட கைடு ஒன்றைச் சங்கிலியின் தளர்ந்த பக்கத்தின்மேல் அழுத்துகிறது. ஆகவே சங்கிலியின் ஆயுள் பெரும்பாலும் ஆயிலைச் சார்ந்தது. அழுக்கேறிய ஆயில் மூட்டுகளை அரைக்கும். ஆயில் குறைந்தால் டென்ஷனர் தன் பிடியை இழக்கும்.

ஒரகடம் சாலையில் என் பழைய மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு நான் அங்கு அமர்ந்திருந்தபோது வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். வண்டியின் பெயர் நமக்கு வேண்டா. எந்த நிறுவனத்து வண்டிக்கும் இது நேரக்கூடியதே. கடன் வாங்கி அதை இரண்டாம் கையாக வாங்கியவர் அவர். ஆலைகளில் இரவு முறை முடிந்து வரும் பெண்களை வீடு சேர்ப்பதே அவர் பிழைப்பு. முன்பெல்லாம் காலையில் முதன்முதல் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று நொடி மட்டும் கேட்ட ஒலி, இப்போது சூடேறிய பின்னும் ஓயவில்லை என்றார்.

என் மாணவர் உடனே ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே கரிய ஆயில். தளர்ந்த சைலன்சர் தகடும், டைனமோ பேரிங்கும், வால்வு இடைவெளியும்கூட இதே போன்ற ஒலியை எழுப்பக்கூடும். ஆதலால் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினின் ஒவ்வோரிடத்திலும் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போன்றதே அது. டைமிங் கவரின்மேல் வைத்தபோதுதான் ஒலி தெளிவாக வந்தது.

“அண்ணா, கெட்டியான ஆயிலாக ஊற்றிவிடுங்கள், இந்த மாதம் ஓடினால் போதும், தவணை கட்டிவிடுவேன்” என்றார் இளைஞர். டென்ஷனரின் பின்னால் ஒரு வாஷரை வைத்து இறுக்கிவிடலாம் என்றும் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இவ்விரண்டும் நம் சாலைகளில் நடப்பவையே. கெட்டி ஆயில் குளிர்ந்த எஞ்சினின் நுண்ணிய வழிகளில் தாமதித்தே ஏறும். ஒலி மிகுமேயன்றிக் குறையாது. வாஷர் ஒலியை மறைக்கும்; தேய்ந்த சங்கிலி தேய்ந்தபடியே இருக்க, கைடு மட்டும் விரைவில் அரைபடும். “தம்பி, நடுராத்திரியில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு ஓரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே வண்டி நின்றால் என்ன செய்வாய்? செயினைத் தவணையில் மாற்ற முடியாது, வேண்டுமானால் என் கூலியைத் தவணையில் கொடு” என்றார் என் மாணவர்.

மறுநாள் பேட்டரியின் இணைப்பை நீக்கி, ஆயிலை வடித்து, முதல் சிலிண்டரின் பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சிக்கு வருமாறு கிராங்க் தண்டைத் திருப்பி நிறுத்தினார். கவரைத் திறந்ததும் பழைய கைடில் சங்கிலி அறுத்த பள்ளங்கள் தெரிந்தன; அதன் ஓர் ஓரம் உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டு ஆயில் தேங்கும் அடித்தொட்டியில், பம்ப்பின் வடிகட்டியருகே கிடந்தது. அதை எடுக்காமல் புதுச் சங்கிலி போட்டிருந்தால் அதுவும் ஆயிலின்றி வாடியிருக்கும். பழைய சங்கிலியைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துக் காட்டினார். வில்போல் வளைந்து தொங்கிற்று. புதியது ஏறத்தாழ நேராக நின்றது. சங்கிலி, இரு பல்சக்கரங்கள், கைடுகள், டென்ஷனர் யாவற்றையும் சேர்த்தே மாற்றினார். தேய்ந்த பல் புதிய சங்கிலியைக் கெடுக்கும் என்பதே காரணம்.

புதிய சங்கிலியில் நிறந்தீட்டிய கண்ணிகள் உண்டு. அவற்றைப் பல்சக்கரங்களின் குறிகளோடு பொருத்தி மாட்டியபின், டென்ஷனரைத் தடுத்து நிறுத்தியிருந்த ஊசியை உருவ, அது சங்கிலியை அழுத்திப் பிடித்தது. பிறகு ஸ்பானரால் கிராங்க் தண்டை ஓடும் திசையில் மெல்ல இரண்டு முழுச் சுற்றுத் திருப்பினார். எங்கேனும் முட்டினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடவேண்டும், வலிந்து திருப்பலாகாது. இரண்டு சுற்று முடிந்ததும் சக்கரக் குறிகள் தத்தம் இடத்திற்கு வந்தன. நிறக் கண்ணிகள் வரவில்லை. அருகே நின்ற பயிற்சி மாணவன் ஒருவன் திகைத்துப்போனான். உங்களுக்குத் திகைப்பு வேண்டாம். கிராங்க் சக்கரத்தில் 18 பற்கள். இரண்டு சுற்றில் நகர்வது 36 கண்ணிகள். சங்கிலியில் இருப்பதோ 120. இரண்டுக்கும் மீச்சிறு பொதுமடங்கு 360. ஆகவே இக்கணக்கின்படி 20 சுற்றுக்கு ஒருமுறையே நிறக் கண்ணி குறியோடு மீண்டும் சேரும். வகுப்பில் “இது எதற்கு, சார்?” என்று கேட்கப்படும் கணக்கு இதுதான்.

கவரை மூடி, வடிகட்டியை மாற்றி, நிறுவனம் குறித்த தரத்தில் ஆயில் ஊற்றினார். முதலில் எரிபொருள் செல்லாதபடி தடுத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சில நொடி சுழற்றினார். ஆயில் டென்ஷனர் வரை ஏறவேண்டுமல்லவா! அதன்பின் ஸ்டார்ட் செய்தபோது ஒரு கணம் லேசான சலசலப்பு, உடனே அடங்கிற்று. முன்கண்ணாடியின் மூலையில் ஒரு சீட்டை ஒட்டி, அன்றைய தேதியையும், மீட்டர் காட்டிய எண்ணையும், அடுத்து ஆயில் மாற்றவேண்டிய எண்ணையும் எழுதிவைத்தார். கூலியில் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு, இரவு முறைக்கு நேரமாயிற்றென்று இளைஞர் ஒரகடம் நோக்கி வண்டியை ஓட்டிச் சென்றார்.