கொழுந்து சுமக்கும் முதுகு



இன்றைய பேச்சு முதுகைப் பற்றியது.

முகத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம். கையையும் காலையும் நேராகவே பார்க்கலாம். முதுகை மட்டும் அதற்கு உரியவர் பார்க்க முடியாது. வலி வந்தால்தான் அது இருப்பதே நினைவுக்கு வரும்.

சின்னக்கானலில் தேயிலைக் காடு உண்டு. ஏலக்காடும் உண்டு. இரண்டிலும் குனிந்து செய்யும் வேலைதான். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். காலையில் சரிவில் ஏறுகிறார். தேயிலைச் செடி இடுப்பு உயரம் இருக்கிறது. கை முன்னால் போகிறது. தலை குனிகிறது. தோள்கள் இரண்டும் கையோடு முன்னால் வளைகின்றன. கத்தரி பிடித்து வெட்டினாலும் அப்படித்தான். எடுத்த கொழுந்து முதுகில் ஏறுகிறது. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிறுவை போடும் இடத்துக்கு நடக்க வேண்டும். அந்த வழியும் சரிவுதான்.

ஏலக்காட்டில் பாரம் குறைவு. ஆனால் ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. அதைப் பறிக்கக் குனிய வேண்டும். இல்லாவிட்டால் குந்தி உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, துணி துவைக்கும் கல். அங்கேயும் குனிவுதான்.

இப்படியே இருபது வருடம், முப்பது வருடம் போகிறது. வேலை முடிந்த பிறகும் உடம்பு அந்த வேலையிலேயே நிற்கிறது. கடைத்தெருவில் சும்மா நடக்கும்போதும் தோள் வளைந்திருக்கிறது. கேட்டால், "வயசாயிடுச்சு" என்கிறார்கள். நாற்பது வயது ஒரு வயதா? வயதின் மேல் பழி போடுவது சுலபம்.

முதுகுக்குள் என்ன இருக்கிறது? முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 சிறு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. டாக்டர்கள் டிஸ்க் என்று சொல்வது இதைத்தான்.

இந்த அடுக்கு தானாக நிற்காது. கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கயிறு இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா? அதுபோல, தசைகள் சுற்றிலும் பிடித்து அதை நிறுத்துகின்றன. பின்னால் முதுகுத் தசை. முன்னால் வயிற்றுத் தசை. கீழே, இடுப்புக் குழிக்குத் தரை போட்டது போல ஒரு தசை. வயிற்றின் ஆழத்தில் இன்னொரு தசை, இடுப்பைச் சுற்றி வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டிமார் வயிற்றில் துணி கட்டிவிடுவார்கள். உடம்புக்குள்ளேயே அப்படி ஒரு துணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குனிந்த வேலையில் முதுகுப் பக்கத்துக் கயிறு ஓயாமல் இழுபடுகிறது. வயிற்றுப் பக்கத்துக் கயிறு சும்மா கிடந்து தளர்கிறது. பிரசவங்களால் அது இன்னும் தளர்கிறது. பிறகு பாரம் முழுவதும் முதுகின் மேலேயே விழுகிறது. வலி வருகிறது. வலிக்கு மாத்திரை. மாத்திரை வலியை மறைக்கும். தளர்ந்த தசையை இறுக்காது. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகமும் கெடும்.

தளர்ந்த தசையை எப்படி இறுக்குவது? இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பெயர் பிலாட்டீஸ். பெரிய நகரங்களில் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இது பணக்காரரால் பிறந்த பயிற்சி அல்ல.

ஜெர்மனி நாட்டில் 1883-ல் ஜோசப் பிலாட்டீஸ் என்பவர் பிறந்தார். சிறு வயதில் அவர் நோஞ்சான் பிள்ளை. மூச்சிரைப்பு நோய் இருந்தது. எலும்பு பலம் குறைந்த நோயும் இருந்தது. உடம்பைத் தேற்ற அவராகவே பயிற்சிகள் செய்து பார்த்தார். பிறகு வேலை தேடி இங்கிலாந்து போனார். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. ஜெர்மனிக்காரர் என்பதால் அவரை முகாமில் அடைத்துவிட்டார்கள். கம்பி வேலிக்குள் இருந்தபடியே பயிற்சியைச் செய்தார். மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். படுத்த படுக்கையாய் இருந்தவர்களுக்குக் கட்டில் ஸ்பிரிங்கைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

போர் முடிந்த பிறகு, 1926-ல் அவர் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் வைத்தார். மனைவி கிளாராவும் கூடவே சொல்லிக்கொடுத்தார். காலில் அடிபட்ட நடனக்காரர்கள் தேடி வந்தார்கள். 1967-ல் பிலாட்டீஸ் இறந்தார். அவர் இந்தப் பயிற்சிக்கு வைத்த பெயர் வேறு. அடக்கி ஆளும் கலை என்று அதற்குப் பொருள். உடம்பை மனம் அடக்கி ஆள வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் இறந்த பின் அவர் பெயரே பயிற்சிக்கு நிலைத்துவிட்டது.

இதில் கருவிகள் வைத்துச் செய்வதும் உண்டு. பாய் மேல் செய்வதும் உண்டு. பாய்ப் பயிற்சிக்குக் கருவி வேண்டாம். லயத்து வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.

சின்னக்கானலுக்கு இது ஒரு பெரிய வசதி. டாக்டர்கள், "காலையில் நடங்கள்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விடியும் முன்னே இங்கே யார் நடப்பது? அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு யானைதான். மற்ற யானைகள் இருக்கின்றன. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் பயிற்சிதான் இங்கே ஒத்துவரும்.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். எல்லாமே மெதுவாகச் செய்ய வேண்டியவை. வேகமாகச் செய்தால் பலன் இல்லை. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

முதலில் சுவர். சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். குதிகால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். பின்புறம் சுவரில் படட்டும். தோள்பட்டை படட்டும். தலையும் படுகிறதா? பலருக்குப் படாது. படாவிட்டால் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் தள்ளக் கூடாது. மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள். உச்சித் தலையை மேலே யாரோ நூல் கட்டி இழுப்பது போல வளருங்கள். இடுப்புக்குப் பின்னே கை நுழையும் அளவு சந்து இருக்கும். அது இருக்கட்டும். முதுகெலும்பு இயல்பாகவே வளைவு உள்ளது. போலீஸ்காரர் போல விறைக்க வேண்டாம்.

அடுத்தது மூச்சு. பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வையுங்கள். இரு கையையும் விலாவின் மேல் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள். விலா குடை போல இரு பக்கமும் விரிய வேண்டும். வாயால் மெதுவாக விடுங்கள். விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் லேசாக இழுங்கள். இறுக்கமான ஜிப்பை மேலே இழுப்பது போல. இங்கேதான் அந்த உள்துணி இறுகுகிறது. பத்து முறை போதும். பார்க்க ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது பாலம். அதே போலப் படுத்திருங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைத் தூக்குங்கள். முதலில் இடுப்பு எழ வேண்டும். பிறகு நடு முதுகு. ஒவ்வொரு எலும்பாகப் பாயை விட்டு எழ வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பலகை போல வந்ததும் நில்லுங்கள். ஒரு மூச்சு இழுங்கள். மறுபடி மூச்சை விட்டுக்கொண்டே எலும்பு எலும்பாக இறங்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை. பிறகு எட்டு, பத்து.

நான்காவதைப் பற்றிப் பெண்கள் வெளியே பேசுவதில்லை. இருமினால், தும்மினால், மூட்டையைத் தூக்கினால் சிலருக்குச் சிறுநீர் சொட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போகிறார்கள். அதனால் வேறு தொல்லை வருகிறது. இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அடித்தரைத் தசை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடியுங்கள். ஐந்து எண்ணுங்கள். விடுங்கள். பத்து முறை. ஒரு நாளில் மூன்று வேளை. மூச்சை அடக்க வேண்டாம். இதைப் படுத்தும் செய்யலாம், உட்கார்ந்தும் செய்யலாம். பஸ்ஸில் மூணாறு போகும்போதும் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. குறையாவிட்டால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. காலில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது, சிறுநீர் வருவதே தெரியாமல் போவது, இவை இருந்தால் பயிற்சி அல்ல, ஆஸ்பத்திரிதான் முதலில்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? 2015-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு இதை அலசியது. 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 510 பேர் கலந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைவிடப் பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் மற்றப் பயிற்சிகளைவிட இதுவே மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே யோகா தெரிந்தவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் விடாமல் செய்வதுதான் கணக்கு.

நிமிர்ந்து நின்றால் தைரியம் வருமா? இதையும் சோதித்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் 42 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. நெஞ்சை விரித்து நின்றால் ரத்தத்தில் சுரக்கும் நீர்களே மாறும், துணிச்சல் பிறக்கும் என்றார்கள். உலகமெல்லாம் பேசினார்கள். 2015-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் 200 பேரை வைத்து அதையே மறுபடி செய்தார்கள். சுரப்பு மாறவில்லை. நடத்தையும் மாறவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்றவர்கள், கொஞ்சம் பலமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். அந்த அளவுதான் உண்மை.

அந்த அளவும் சின்ன விஷயம் அல்ல. நிறுவை போடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எடை எழுதுகிறவர் நிற்கிறார். மூட்டையை இறக்கிய பெண் குனிந்தபடியே, தரையைப் பார்த்தபடியே நிற்கிறார். இடுப்பு குத்துகிறது. எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் நினைக்கத் தோன்றும். கிலோ எத்தனை எழுதினார் என்று கேட்கத் தோன்றாது. வலி குறைந்து, தலை நிமிர்ந்தால், கண் தானாகவே தராசின் முள்ளுக்குப் போகும். நோட்டில் எழுதிய எண்ணுக்குப் போகும். எண்ணைப் படிக்கத்தான் இப்போது தெரியுமே.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கண்ணன் தேவன் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள், 20 சதவீதம் வேண்டும் என்றார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. தாங்களே பேசினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. பொம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் நின்றார்கள். ஜெயித்தவரும் உண்டு.

அவர்கள் யாரும் பிலாட்டீஸ் செய்தவர்கள் அல்ல. கூட்டமாக நின்றதால் வந்த தைரியம் அது. பாய் மேல் தனியாகப் படுத்துச் செய்யும் பயிற்சியால் அது வராது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த வருடமே நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆனது. கூடவே, ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. கூலியோடு பாரமும் ஏறியது. ஆகவே, "முதுகு வலிக்கிறதா, பயிற்சி செய்" என்று யாராவது சொல்லிப் பாரத்தைப் பற்றிய பேச்சை மூடப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாரத்தைக் குறைக்கக் கேட்பது ஒரு வேலை. பாரம் சுமக்கும் முதுகைத் தேற்றுவது வேறொரு வேலை. இரண்டும் நடக்க வேண்டும்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் கால் மணி நேரம். வாரத்தில் மூன்று நாள். தனியே செய்தால் இரண்டாம் வாரமே விட்டுப்போகும். அதனால் ஒரே லயத்தில் இருப்பவர்கள் நாலு பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சொல்லலாம். அண்ணன்மார்கள் அந்தக் கால் மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்போது எல்லோரும் எழுந்து அந்தச் சுவர் ஓரம் போய் நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். குதிகால் நாலு விரல் தள்ளி. பக்கத்தில் நிற்பவருடைய தலை சுவரில் படுகிறதா என்று பாருங்கள்.