கண்ணாடிக்குள் இருக்கும் மண்

 

நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் 'கண்ணாடி' என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தேன். கண்ணும் ஆடியும் சேர்ந்த சொல் அது. ஆடி என்பது உருவங்காட்டும் பொருள் என்றேன். "அதை எதிலிருந்து செய்கிறார்கள் ஐயா?" என்றான் ஒரு மாணவன். நான் விடையின்றி நிற்கையில், "கம்பெனியிலிருந்து வருகிறது" என்று மற்றொருவன் முந்திக்கொண்டான். வகுப்பே ஆமோதித்தது. சொல்லின் பிறப்பை அறிந்த எனக்குப் பொருளின் பிறப்புத் தெரியவில்லை.

அம்மாணவர்கள்மீது குற்றமில்லை. சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை ஆலைகள் சூழ்ந்த மண் இது. பெற்றோரின் ஊதியம் ஆலையிலிருந்து வருகிறது. பொருளும் அங்கேயே பிறக்கிறது என்று பிள்ளைகள் எண்ணுவது இயல்பே.

அன்று மாலையே அறிவியல் ஆசிரியரிடம் மாணவனாய் அமர்ந்தேன். சன்னல் கண்ணாடியில் பத்தில் ஏழு பங்கு மணல். மணல் தனியே உருக ஏறத்தாழ 1,700 பாகை வெப்பம் வேண்டும். சோடா உப்புச் சேர்த்தால் அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும். நம் நாட்டில் அந்தச் சோடா உப்பு பெரும்பாலும் குஜராத் கடற்கரையில், கறியுப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் கொண்டு செய்யப்படுகிறது. சுண்ணாம்புக்கல் கண்ணாடிக் கலவையிலும் சேர்கிறது. அது சேராவிடில் கண்ணாடி நீரில் கரையும். இவ்வாறு உருகிய குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமதளத் தகடாக்குகிறார்கள். திருப்பெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயின்ட் கோபைன் ஆலையில் உருவாகும் தகடுகளும் இம்முறையில் பிறப்பவையே.

மறுநாள் உடைந்த கண்ணாடித் துண்டொன்றைத் துணியில் சுற்றி வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். அதன் விளிம்பை மட்டும் காட்டினேன். "பச்சையாக இருக்கிறதே!" என்று வியந்தார்கள். மணலோடு வந்த இரும்பின் நிறம் அது என்றேன். முதல்நாள் "கம்பெனி" என்றவன், "அப்படியானால் இதற்குள் மண் இருக்கிறது ஐயா" என்றான். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த விடை அதுவே.

பெற்றோர்களே! மணலும் சுண்ணாம்புக்கல்லும் நாம் விளைவிப்பவை அல்ல, எடுத்தால் குறைபவை. உடைந்த கண்ணாடியோ மீண்டும் மீண்டும் உருக்கத்தக்கது. இதை அறிந்த பிள்ளை அதைக் குப்பையில் எறியுமுன் ஒருகணம் தயங்கும். நாளை இவ்வாலைகளில் பொறியாளராய் அமரப்போகும் பிள்ளைக்கு அத்தயக்கம் வேண்டும். ஆகவே வாரம் ஒருநாள், உணவு வேளையில், ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது எந்த மண்ணிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் நாணவேண்டா. பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். நானும் அவ்வாறே கற்றேன்.