ஃபேன் கத்துதா? சத்தத்தை விடுங்க, சூட்டைக் குறைங்க

ஏழெட்டு வருஷம் பழைய லேப்டாப்பை இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கான எபிசோடு இது. இப்போதைக்கு புதுசு வாங்க முடியாது. இருக்கிறது இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினா படிப்பு முடிஞ்சிடும், இல்ல வேலை கிடைச்சிடும். அதுவரைக்கும் ஓட வைக்கணும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதல். ஒயிட் டவுன்ல இருக்கிற பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு தடிச்ச சுவர், உயரமான கூரை. ஆனா நம்மள்ல பலர் இருக்கிறது லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம், மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூம்ல. லேப்டாப் ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்காது. ரூம் காத்தை இழுத்துத்தான் சிப்போட சூட்டை வெளிய தள்ளும். 24 டிகிரி ஏசி ரூம்ல 75 டிகிரியில நிக்கிற சிப், அதே வேலையை 36 டிகிரி ரூம்ல செஞ்சா கிட்டத்தட்ட 87-க்குப் போயிடும். பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டா சிப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். ஆன்லைன் இன்டர்வியூ நடுவுல வீடியோ திக்கினா நெட்டைத் திட்டுவோம். சில நேரம் காரணம் இந்தச் சூடுதான்.

அதுக்காக ஒரு ஆப் போட்டு ஃபேனை அடக்காதீங்க. சத்தம் போயிடும், சூடு உள்ளயே தங்கிடும்.

நான் யாரோட லேப்டாப்பைப் பார்த்தாலும் முதல்ல திறக்கிறது டாஸ்க் மேனேஜர். சிபியு காலத்தை கிளிக் பண்ணா எது அதிகமா தின்னுதுன்னு மேல வந்து நிக்கும். தேவையில்லாத ஸ்டார்ட்அப் ஆப்களை அங்கயே நிறுத்திடலாம்.

ரெண்டாவது, டர்போ. ஐ5 7200யு சிப்போட அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போவுல 3.1. இந்தக் கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு வோல்டேஜையும் ஏத்தணும். பவர், வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். வேகம் 20 சதவீதமும் வோல்டேஜ் 10 சதவீதமும் குறைஞ்சா, கணக்குப்படி பவர் சுமார் 35 சதவீதம் குறையும். விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்'டை 100-ல இருந்து 99 ஆக்குங்க. பல பழைய இன்டெல் லேப்டாப்ல இதுலயே டர்போ நின்னுடும். வேர்டு, பிரவுசர் வேலையில பெருசா வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட்டிங்ல தெரியும். தேவைப்படும்போது திரும்ப 100 வெச்சுக்கலாம்.

மூணாவது, யூடியூப். 2016-க்கு முன்னாடி வந்த இன்டெல் சிப்களுக்கு விபி9 வீடியோவை முழுசா ஹார்டுவேர்லயே பிரிக்கத் தெரியாது. அந்தச் சுமை சிபியு தலையில விழும். 'எச்264ஃபை'ன்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு. அதைப் போட்டா, பழைய சிப்புக்குப் பழக்கமான எச்.264 வடிவத்துலயே வீடியோ வரும். ஆனா 1080-க்கு மேல குவாலிட்டி கிடைக்காது. பழைய லேப்டாப் ஸ்க்ரீனுக்கு அது போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேணும். அதனால லினக்ஸுக்கு மாறுறவங்க 'டிஎல்பி'ங்கிற இலவச டூலைப் போடுங்க. அதோட செட்டிங்ஸ் ஃபைல்லயும் டர்போவை அணைக்கலாம்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எதுவுமே ஓடலை, சிபியு ரெண்டு மூணு சதவீதம்தான் காட்டுது, அப்பவும் ஃபேன் கத்துதுன்னா, அது பெரும்பாலும் தூசியா இருக்கும், இல்ல தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். அதுக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் மருந்து. சர்வீஸ் கடையில சுத்தம் பண்ணிக்கங்க.

இன்னைக்கே 99 வெச்சுப் பாருங்க. முன்னாடி எத்தனை டிகிரி, இப்ப எத்தனைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேட்டரி பத்திப் பேசுவோம்.