வெறுவளவும் பழ ஈயும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஓர் ஈயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வீட்டுக் கறுத்தக்கொழும்பானை ஆசையோடு வெட்டி, உள்ளே நெளியும் புழுவைக் கண்டு எறிந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்தப் புழுவின் தாய்தான் பழ ஈ.

இலையானளவுதான் இருக்கும், பார்வைக்குச் சிறு குளவி போன்றது. தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் குடம்பி வெளிவந்து சதையைத் தின்னும். வளர்ந்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். எங்கள் வெப்பத்தில் மூன்று கிழமையளவில் அடுத்த தலைமுறை பறந்துவிடும்.

மாம்பழக் காலம் சில மாதங்களில் முடிகிறது. பாகல் பந்தலும் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இடைக்காலத்தில் ஈ எங்கே வாழ்கிறது? நாம் கவனியாத செடிகளில்தான். மாம்பழத்தைத் தாக்கும் ஈக்குக் கொய்யாவும் இலந்தையும் போதும். பாகலைத் தாக்கும் ஈக்கு வேலியிற் படரும் கொவ்வை போதும்.

ஆனால் எல்லாக் கொய்யாவிலும் ஒரே அளவு புழு இருப்பதில்லை. அதைச் சூழல் தீர்மானிக்கிறது. கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் விழும் பழம் வெயிலில் காயும். கீழிறங்கும் குடம்பியைக் கோழியும் எறும்பும் தின்னும். சுடுமண்ணில் கூட்டுப்புழு உலர்ந்துபோகும். பற்றை மூடிய வளவிலோ நிழல் உண்டு, சருகு உண்டு, மாரி முடிந்த பின்னும் ஈரம் உண்டு. அங்கே கூட்டுப்புழு தப்பிப் பிழைப்பது எளிது.

இன்னொன்றும் உண்டு. பாகல் ஈ தோட்டத்திற்குள் குடியிருப்பதில்லை. சுற்றியுள்ள பற்றையில் தங்கி, முட்டையிட மட்டும் பந்தலுக்கு வந்து திரும்புகிறது. 1950களில் ஹவாய்த் தீவுகளில் ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டறிந்தனர்.

1987இற்குப் பின் வடமராட்சியில் எத்தனை வளவுகள் வெறுவளவாயின என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலுள்ள என் தங்கையின் வளவும் அப்படித்தான். திறப்பு என்னிடம் இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பாகல் நட்டு வாழும் பெண் ஒருநாள் வந்தார். "அக்கா, கிழமைக்கு ஒருக்கா மருந்தடிக்கிறன். அப்பிடியும் பாதிக்காய் அழுகிப் போகுது. உங்கட வேலியைப் பாருங்கோ" என்றார். வேலி முழுவதும் கொவ்வைப்பழம் சிவந்து கிடந்தது. வெட்கமாயிருந்தது. காயின் உள்ளே இருக்கும் புழுவை அவர் அடித்த மருந்து எப்படித் தீண்டும்? அன்றிலிருந்து பழங்களைப் பிடுங்குவித்தேன். அடுத்த போகத்தில் புழு முற்றாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

இந்த ஈ கடலும் கடக்கும். 2003இல் கென்யாவில் புதிய பழ ஈ ஒன்றைக் கண்டார்கள். 2005இல் ஆபிரிக்க, இலங்கை மாதிரிகளை வைத்து அதற்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். அது எங்கள் ஆசியப் பழ ஈயேதான் என 2015இல் முடிவாயிற்று. பழ ஈ காரணமாக 2014 மே மாதம் இந்திய மாம்பழத்திற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, 2015இல்தான் நீக்கியது. 2019 டிசம்பர் முதல் பயணப்பெட்டியில் மாம்பழம் கொண்டுபோகவும் அங்கே தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஆகவே, சகோதரிகளே, பெட்டிக்குள் மாம்பழம் வைக்காதீர்கள்.

மரங்களைத் தறிக்கச் சொல்லவில்லை. கொய்யாவும் இலந்தையும் பறவைக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும். கொவ்வை இலை வறைக்கு வேண்டும். விழுந்த பழத்தையும் துளைபட்ட காயையும் சில நாளுக்கொருமுறை பொறுக்குங்கள். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி இரு கிழமை வெயிலில் வையுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைக் கிடங்கில் மட்டும் போடாதீர்கள். பிஞ்சுகளுக்குக் கடதாசிப் பை கட்டுங்கள். மெதைல் யூஜினோல் பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். பொறுக்கும் வேலைக்கு அது துணை, மாற்று அல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகுமுன் ஒருதடவை தங்கள் வளவைச் சுற்றிப் பாருங்கள். திறப்பு வைத்திருப்பவருக்குப் பழம் பொறுக்கும் கூலியையும் கொடுத்துச் செல்லுங்கள். அயலிலே பந்தல் போட்டிருப்பவளும் எம்மோடு இதே கல்லூரியில் படித்தவளாயிருக்கலாம்.