மேல்நாட்டு மெட்டும் முத்துஸ்வாமி தீட்சிதரும்



செக் நாட்டில் யாரோமீர் வெய்வோதா என்னும் இசையமைப்பாளர் வாழ்ந்தார். 1927-ஆம் ஆண்டில் அவர் போல்கா என்னும் நடனத்துக்கு உரிய மெட்டொன்றை இயற்றினார். சொல்லின்றிப் பிறந்த அம்மெட்டுக்குப் பின்னர்ச் செக், ஜெர்மன், ஆங்கில மொழிகளில் வெவ்வேறு பாட்டுகள் அமைந்தன. இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பு வீரர்களும் அதைப் பாடினர். மெட்டு நாடு கடந்து புதுச் சொல் பூணும் இவ்விந்தை, அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையிலும் நிகழ்ந்ததுண்டு.

மாமல்லபுரத்துக் கோயில்களை அடையாளமாகக் கொண்டு மேல்நாட்டு மாலுமிகள் கப்பல் செலுத்திய காலம் அது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியாருக்கு ஜாகீராகக் கிடைத்தது. கும்பினியாரிடம் துபாஷாக விளங்கிய முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஊர் மணலி. பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூர், இன்று சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. முதலியார், திருவாரூர் இராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்துடன் அங்கே வரவழைத்து ஆதரித்தார். அவருடைய மைந்தர் தீட்சிதரின் புதல்வர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, வெள்ளையரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார்.

மூத்த புதல்வர் முத்துஸ்வாமி தீட்சிதர், தாம் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் ஸாஹித்யம் புனைந்தார். ‘நோட்டு ஸ்வரம்’ எனப்படும் இவ்வுருப்படிகள் ஏறக்குறைய நாற்பது. மேல்நாட்டாரின் பேரளவு ஸ்வர வரிசை நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களோடு ஒத்திருப்பதால், இவை அந்த ராகத்தில் அடங்கின. கமகங்கள் இன்றி ஸ்வரங்கள் நேராக நிற்பதால், இசை பயிலத் தொடங்கும் சிறுவருக்கும் இவை எளிதில் வசப்படும்.

ஆண்டவர்களின் மெட்டைப் பாடுவது அடிமைப் புத்தியன்றோ என்று நீங்கள் வினவலாம். ‘ஸந்ததம் பாஹி மாம்’ என்ற உருப்படியை எண்ணிப் பாருங்கள். அதன் மெட்டு ஆங்கிலேயரின் அரச வாழ்த்து. அரசரைக் காக்குமாறு வேண்டிய அந்த மெட்டிலே தீட்சிதர் சியாமளா தேவியைப் போற்றினார். அரசருக்கு அங்கே இடமில்லை! அடிமைக்கு இத்துணிவு வாய்க்குமா?

இளையவர் பாலுஸ்வாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அதை நம் இசைக்கு உரியதாக்கினார். நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசித்த கருவி, நம்மிடம் அமர்ந்து வாசிக்கும் கருவியாயிற்று. தந்திகளின் சுருதியும் நமக்கேற்ப மாறியது. இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது.

மேல்நாட்டு மெட்டுக்குச் சொல் புனைந்த அதே தீட்சிதர்தாம் காஞ்சியிலே பைரவி ராகத்தில் ‘சிந்தய மா’ பாடினார். திருவாரூரிலே கமலாம்பா நவாவரணமும் இயற்றினார். அவர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். தம் இசையில் ஆழ வேரூன்றியவர் என்பதால், பிற நாட்டு மெட்டு அவரை அடித்துச் செல்லவில்லை. உலகத்துப் பாட்டெல்லாம் நாள்தோறும் உங்கள் செவியை எட்டுகின்றது. கேட்பதற்கு அஞ்ச வேண்டாம். அதனோடு சங்கராபரணத்தையும் பயிலுங்கள். கேட்ட மெட்டுக்கு உங்கள் சொல்லைத் தரும் ஆற்றல் அப்போது உங்களுக்கும் கைகூடும்.